கதையை எங்கிருந்து ஆரம்பிக்கிறீங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த "அப்புறம்", "ஆக்சுவலா" எல்லாவற்றையும் முடிந்தவரை வெட்டியிருக்கிறேன். கொஞ்சம் தப்பியிருக்கும், பொறுத்துக்கோங்க.)



போன மாசம் முழுக்க இன்பாக்ஸ்ல ஒரே கேள்வி: "உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு புத்தகம் சொல்லுங்க ப்ரோ." நானும் லிஸ்ட் போட உட்கார்ந்தேன். மூணு தடவை போட்டேன், மூணு தடவையும் வேற வேற அஞ்சு வந்தது. சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டதும் பின்னாடி போட்டதும் ஒத்துப்போகலை. அதனால லிஸ்ட் கிடையாது. எனக்குப் பிடித்த மூன்று புத்தகங்களை மட்டும் எடுத்துக்கிறேன். மூன்றையும் ஒரே ஒரு கேள்வியோடு பார்க்கப்போகிறோம்: இந்தக் கதை எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கேட்க ரொம்பச் சின்ன கேள்வி. ஆனா நான் ஒரு கதையைத் தப்பான இடத்துல ஆரம்பிச்சதால ஒரு பையனுக்கு வேலையில அடி விழுந்தது. அதையும் இன்னைக்குச் சொல்லிடறேன். முதல்ல அதுவே.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு வெள்ளிக்கிழமை. ராத்திரி 10:40-க்கு எங்க டீம்ல இருந்த ஒரு ஜூனியர் ஒரு சின்ன கான்ஃபிக் மாற்றத்தை ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பினான். டேட்டாபேஸுக்கு ஒரே நேரத்துல எத்தனை கனெக்‌ஷன் போகலாம்ங்கிற எண் அது. 50 இருக்கவேண்டிய இடத்துல 5 போயிடுச்சு. ஒரு பூஜ்யம்தான். டோல்கேட்ல பத்து கவுண்டர்ல ஒன்பதை மூடினா என்ன ஆகும்? அதுதான் ஆச்சு. ரிக்வெஸ்ட் எல்லாம் வரிசையில நின்னு நின்னு டைம்-அவுட் ஆச்சு. 12:30-க்கு ஒரு கஸ்டமர்கிட்ட இருந்து புகார் வந்தது. 12:50-க்கு நான் லாகின் பண்ணி, என்ன மாறியிருக்குனு பார்த்து, பழைய நிலைக்குத் திருப்பினேன். 1:05-க்கு எல்லாம் சரி.

ஐடியில இல்லாதவங்களுக்கு ஒரு விளக்கம். இந்த மாதிரி ஏதாவது விழுந்தா, அடுத்த வாரம் ஒரு அறிக்கை எழுதுவோம். அதுக்குப் பேரே போஸ்ட்மார்ட்டம். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, ஏன் நடந்தது, திரும்ப நடக்காம இருக்க என்ன செய்யப்போறோம் என்று எழுதவேண்டும். யாரையும் குற்றம்சாட்டக் கூடாது, பேர் போடக் கூடாது என்பது இதில் முக்கியமான விதி. கூகுள் பொறியாளர்கள் 2016-ல் வெளியிட்ட சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியரிங் புத்தகத்தில் இந்தக் கலாசாரத்துக்கென்றே ஒரு தனி அத்தியாயம் இருக்கிறது. நல்ல விதிதான். நானும் அதை மதித்துத்தான் எழுதினேன். அறிக்கையின் முதல் வரி: 10:40, ஒரு டெவலப்பர் தவறான மதிப்புடன் கான்ஃபிக் மாற்றம் செய்தார்.

பேர் போடலை. ஆனா பன்னிரண்டு பேர் இருக்கிற டீம்ல அந்த "ஒரு டெவலப்பர்" யாருனு தெரியாதவங்க ஒருத்தர்கூட இல்லை. ரிவ்யூ மீட்டிங்ல ஸ்க்ரீன்ல அந்த முதல் வரி வந்ததுமே எல்லார் தலையும் ஒரே பக்கம் திரும்பிச்சு. மேனேஜர் ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார், "ஒரு தடவை செக் பண்ணியிருக்கலாமே?" அவன் "ஸாரி" சொன்னான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம். அந்த வருஷ அப்ரைசல் அவனுக்குச் சரியா வரலை. அடுத்த ஆறு மாசத்துல பேப்பர் போட்டுட்டுப் போயிட்டான். இதனாலதான் போனான்னு யாரும் சொல்லலை. நானும் அப்படி நினைச்சுக்கலை.

இதை இங்கேயே நிறுத்திட்டு முதல் புத்தகத்துக்குப் போவோம்.

பூமணியின் 'வெக்கை'. 1982-ல் வெளிவந்த நாவல். நான் அதைப் படிச்சது தீபாவளிக்கு சாத்தூர் போற பஸ்ல. சாத்தூர் எனக்குச் சொந்த ஊர். (காராச்சேவு வாங்கிட்டு வரச் சொல்லி யாரும் மெசேஜ் போடாதீங்க, ப்ளீஸ்.) கோவில்பட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. கதையில வர்ற கரிசக் காடும் வேலிக்கருவையும் ஜன்னலுக்கு வெளியவே ஓடிட்டு இருந்தது.

சிதம்பரம்னு ஒரு பதினஞ்சு வயசுப் பையன். நாவல் திறக்கும்போதே அவன் ஒரு ஆளை வெட்டிட்டான். கையை மட்டும் எடுக்கணும்னு போனவன். ஆள் உயிரே போயிடுது. செத்தவன் ஊர்ல நிலமும் செல்வாக்கும் உள்ள பெரிய மனுஷன், வடக்கூரான். அங்கிருந்து எட்டு நாள். அப்பாவும் மகனும் போலீஸ் கண்ணுல படாம காடு, மலை, சுடுகாடுனு சுத்துறாங்க. அவ்வளவுதான் மேலோட்டமான கதை.

இப்ப யோசிச்சுப் பாருங்க. வடக்கூரான் இந்தப் பையனோட அண்ணனைக் கொன்னவன். நிலத் தகராறு. இதே கதையை வேற ஒருத்தர் எழுதினா எங்க ஆரம்பிச்சிருப்பாங்க? அண்ணனோட கொலையில. முதல் ஐம்பது பக்கம் நம்மைக் கோபப்படுத்துவாங்க, அப்புறம் தம்பி அருவாளை எடுப்பான், நாம விசில் அடிப்போம். பழிவாங்கும் கதைக்கு அதுதானே ஃபார்மட். பூமணி அந்த வழியில் போகவில்லை. முதலில் நம் கையில் ஒரு கொலைகாரனைக் கொடுக்கிறார். அவனுக்கு முழுசா மீசைகூட முளைக்கலை. பிறகு அவன் பசியையும் தூக்கத்தையும், அப்பா அடுப்பு மூட்டுவதையும், என்ன பொங்கித் தின்றார்கள் என்பதையும் பொறுமையாகக் காட்டுகிறார். அண்ணன் செத்த கதை நடுநடுவில், நினைவாகவும் பேச்சாகவும்தான் வருகிறது. அது வந்து சேரும்போது நமக்கு விசில் அடிக்கத் தோணாது. "ஐயோ, இவன் இனிமே என்ன ஆவான்"ங்கிற கவலை மட்டும்தான் இருக்கும்.

இந்த நாவலை வைத்துத்தான் 2019-ல் வெற்றிமாறன் 'அசுரன்' எடுத்தார் என்று நிறைய பேருக்குத் தெரியும். படம் வேறு ஒரு வேலையைச் செய்கிறது. தனுஷ் நடித்த அப்பாவை நடுவில் வைத்து, அவருடைய இளமைக் காலத்தை ஒரு பெரிய ஃப்ளாஷ்பேக்காகத் திறக்கிறது. தியேட்டருக்கு அது சரி, எனக்கும் படம் பிடிக்கும். ஆனால் படத்தில் கேள்வி "இந்த அப்பா யார்?" என்று ஆகிவிடுகிறது. நாவலில் கடைசிவரை கேள்வி அந்தப் பையன்தான். ஏறக்குறைய அதே சம்பவங்கள்தான். எதை முன்னாடி வைக்கிறாங்க, யார் பக்கத்துல நம்மை உட்கார வைக்கிறாங்கங்கிறது மட்டும்தான் மாறியிருக்கு.

இதுக்கு இலக்கியக் கோட்பாட்டுல பழைய பேர் ஒண்ணு இருக்கு. நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவில் விக்டர் ஷ்க்லோவ்ஸ்கி மாதிரியான விமர்சகர்கள் 'ஃபாபுலா', 'சுஜெட்' என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஃபாபுலா என்பது நடந்தது, நடந்த வரிசையில். சுஜெட் என்பது நமக்குச் சொல்லப்பட்டது, சொல்லப்பட்ட வரிசையில். நம்ம பாஷையில சொன்னா, டேபிள் ஒண்ணு, அதுமேல எழுதற க்வெரி ஒண்ணு. டேபிள்ல எல்லா வரியும் இருக்கு. நீங்க 'ஆர்டர் பை' மாத்தினா வரிசை மாறும். அது எல்லாருக்கும் தெரியும். ஆபத்து 'வேர்' கண்டிஷன்லதான். எந்த நேரத்துக்குப் பிறகு நடந்ததை மட்டும் காட்டணும்னு அங்கேதான் முடிவு பண்றோம். அதுக்கு முன்னாடி இருக்கிற வரிகள் அழியாது, பொய்யாகவும் ஆகாது. ஸ்க்ரீன்ல வராது, அவ்வளவுதான்.

என் அறிக்கையோட 'வேர்' கண்டிஷன் வெள்ளிக்கிழமை 10:40. அதை யாரும் எனக்குச் சொல்லித் தரலை. நானே வெச்சது.

பஸ் மதுரை தாண்டும்போது எனக்கு இது தோணிடுச்சு. புத்தகத்தை மூடிட்டு ரொம்ப நேரம் வெளிய பார்த்துட்டே வந்தேன். ஏன்னு கொஞ்சம் கழிச்சுச் சொல்றேன்.

ரெண்டாவது புத்தகம் கேப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1981-ல் எழுதினது. தமிழில் 'முன்கூறப்பட்ட சாவின் சரித்திரம்'. ரொம்பச் சின்ன நாவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும். கொலம்பியாவில் ஒரு சிறு ஊர். சாந்தியாகோ நாஸார் என்கிற இளைஞன் கொல்லப்படப்போகிறான் என்பது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். யார் கொல்லப்போகிறார்கள் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும். விகாரியோ குடும்பத்து இரட்டையர்கள். கல்யாண ராத்திரியே புருஷன் வீட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தங்கைக்காக. அப்புறம் படிக்க என்ன மிச்சம் இருக்கு?

எல்லாமே மிச்சம் இருக்கு. முடிவை முதலில் சொல்லிவிட்டதால் "என்ன ஆகும்?" என்ற கேள்வி செத்துவிடுகிறது. அந்த இடத்தில் "யாருமே தடுக்கலையா?" என்ற கேள்வி வந்து உட்காருகிறது. இரட்டையர்கள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போகிறார்கள், "அவனைக் கொல்லப்போறோம்" என்று. யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்ற ஆசையில் சொல்கிறார்களோ என்றுகூட நமக்குத் தோன்றும். ஊர் மேயர் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார். அவர்கள் வேறு கத்தியோடு திரும்பி வருகிறார்கள். ஒருவர் எச்சரிக்கைச் சீட்டு எழுதி சாந்தியாகோ வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளுகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. கடைசியில் மகன் உள்ளே இருக்கிறான் என்று நினைத்து அம்மாவே கதவைத் தாழ் போடுகிறாள்.

கதைசொல்லி இருபத்தேழு வருஷம் கழித்து அந்த ஊருக்கு வந்து ஒவ்வொருவராகப் பார்த்துக் கேட்கிறான். 1951-ல் உண்மையில் நடந்த ஒரு கொலைதான் மார்க்கேஸுக்கு விதை. படிச்சு முடிச்சதும் நான் சிரிச்சேன். இது ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட். நான் படிச்சதிலேயே சிறந்த ஒண்ணு. அலர்ட் அடிச்சிருக்கு, மெசேஜ் வந்திருக்கு, ஆளாளுக்கு "வேற யாராவது பார்த்துப்பாங்க"னு விட்டிருக்காங்க. அதோட ரூட் காஸ்ங்கிற கட்டம் காலியாவே இருக்கு. சாந்தியாகோதான் அந்தப் பெண்ணைக் கெடுத்தவனா என்று நாவல் கடைசிவரை சொல்லாது. எல்லா டீடெய்லும் கிடைக்கும், ஒரு பதில் மட்டும் கிடைக்காது.

இப்ப விட்ட இடத்துக்கு வர்றேன்.

அந்த வெள்ளிக்கிழமைக் கதையை உங்களுக்கும் நான் 10:40-லதான் ஆரம்பிச்சேன், கவனிச்சீங்களா? 10:40-க்கு விழுந்தது, 12:30-க்குத்தான் ஒரு கஸ்டமர் சொல்லித் தெரிஞ்சது. நடுவுல ஒரு மணி நேரம் ஐம்பது நிமிஷம். இந்த மாதிரி சிஸ்டம்ல வரிசை நீண்டா அஞ்சு நிமிஷத்துல போன்ல அலறணும். ஏன் அலறலை?

அந்த அலர்ட்டை மியூட் பண்ணியிருந்தது நான்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு மூணு வாரம் முன்னாடி. அந்த அலர்ட் அப்பல்லாம் ராத்திரிக்கு ரெண்டு மூணு தடவை சும்மாவே அடிக்கும். ஒரு பிரச்சினையும் இருக்காது, ஆனா அடிக்கும். மூணாவது ராத்திரி, மணி மூணு, தூக்கக் கலக்கத்துல மியூட் போட்டேன். திங்கட்கிழமை சரிபண்ணணும்னு நோட்புக்ல எழுதியும் வெச்சேன். அந்தத் திங்கட்கிழமை வரவே இல்லை.

அறிக்கை எழுதும்போது எனக்கு இது ஞாபகம் இருந்தது. மறந்துட்டேன்னு சொல்ல ஆசைதான், ஆனா இருந்தது. நான் பொய் எழுதலை. "12:30, வாடிக்கையாளர் புகார் மூலம் பிரச்சினை தெரியவந்தது" என்று எழுதினேன். நூறு சதவீதம் உண்மை. அலர்ட் பற்றிய வரியை எழுதவில்லை. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். முதல் வரியிலேயே ஒரு குற்றவாளி கிடைச்சுட்டா அதுக்கு மேல யாரும் கேட்க மாட்டாங்க.

அகதா கிறிஸ்டி 1926-ல் எழுதின ஒரு நாவல்ல கதைசொல்லி இதைத்தான் செய்வார். ஒரு பொய்கூட எழுத மாட்டார். ஒரு சில நிமிஷத்தை மட்டும் தாண்டிப் போயிடுவார். பேரைச் சொன்னா ஸ்பாய்லர், அதனால சொல்லலை. (வருஷத்தைச் சொன்னதே தப்புதான். தேடிப் பார்க்காதீங்க.)

சரி, முன்னாடி போய்ப் பார்க்காததுதான் தப்புன்னா, இன்னும் இன்னும் பின்னோக்கிப் போனா உண்மை கிடைச்சிடுமா? நானும் அப்படித்தான் நினைச்சேன். அங்கதான் மூணாவது புத்தகம் வருது: சிலப்பதிகாரம்.

ஸ்கூல்ல மனப்பாடச் செய்யுளா படிச்சு வெறுத்தவங்க நிறைய பேர் இருப்பீங்க, நானும் அந்த கோஷ்டிதான். ரெண்டு வருஷம் முன்னாடி உரையோட மெதுவா படிச்சேன். முதல் ஆச்சரியம், மார்க்கேஸ் செய்ததை இளங்கோ எப்பவோ செய்துவிட்டார். பதிகத்திலேயே முழுக் கதையும் வந்துவிடுகிறது. ஒரு மார்பை இழந்த பெண் வேங்கை மரத்தடியில் நின்றதைக் குறவர்கள் வந்து இளங்கோவிடம் சொல்கிறார்கள். கூட இருந்த சாத்தனார் "அது எனக்குத் தெரியும்" என்று மதுரையில் நடந்ததைச் சொல்கிறார். சிலம்பு, பொற்கொல்லன், பாண்டியன் செய்த பிழை, கோவலன் கொலை, எல்லாமே. அதுக்கப்புறம்தான் புகார்ல கல்யாணம் நடக்குது. கண்ணகி முதல் தடவை மேடைக்கு வரும்போதே அவளுக்கு என்ன ஆகப்போகுதுனு நமக்குத் தெரியும். அந்தக் கல்யாண வாழ்த்தை நிம்மதியா படிக்கவே முடியாது.

ரெண்டாவது ஆச்சரியம் கட்டுரை காதையில். மதுரை எரிகிறது. மதுராபதித் தெய்வம் கண்ணகி முன்னால் வந்து ஒரு விளக்கம் கொடுக்கிறது. போன பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் கலிங்கத்துச் சிங்கபுரத்தில் இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று அரசனிடம் காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையில் ஏறி, எங்களுக்குச் செய்தவர்களுக்கும் இதுவே வரட்டும் என்று சபித்துவிட்டு உயிரை விட்டாள். அந்த வினைதான் இது.

தொழிற்சாலைகளில் 'ஃபைவ் வைஸ்' என்று ஒரு முறை உண்டு. டொயோட்டாவில் தைச்சி ஓனோ பிரபலப்படுத்தியது. ஏன் என்று ஐந்து முறை கேள், மூல காரணம் வந்துவிடும் என்பார்கள். மதுராபதி ஆறாவது ஏன் கேட்டுட்டா போல. மூல காரணம் போன ஜென்மத்துல!

சிரிக்கலாம், ஆனா அந்த இடத்துல என்ன நடக்குதுனு பாருங்க. கண்ணகி வைத்திருந்தது தெளிவான ஒரு வழக்கு: விசாரிக்காமல் ஒரு ராஜா என் புருஷனைக் கொன்றான். தெய்வம் கதையின் ஆரம்பத்தை ஒரு பிறவி பின்னால் தள்ளியதும், ராஜாவும் பொற்கொல்லனும் ஏதோ ஒரு பெரிய சங்கிலியில் வெறும் கண்ணிகள் ஆகிவிடுகிறார்கள். பக்தியோடு படிக்கிறவர்களுக்கு அது ஊழ்வினை, காப்பியத்தின் மையம். எனக்கு, குற்ற உணர்ச்சியோட படிச்சவனுக்கு, அது வேற மாதிரி உறைச்சது. ஏன்னா நானும் அதையே ஒரு தடவை செஞ்சிருக்கேன்.

அந்தப் பையன் போன பிறகு, எங்க ஆபீஸ்ல இந்தச் சம்பவத்தைப் பத்தி ஒரு டாக் கொடுக்கச் சொன்னாங்க. கொடுத்தேன். அதுல கதையை ரொம்பப் பின்னாடி ஆரம்பிச்சேன். கான்ஃபிக் மாற்றத்துக்கு இன்னொருத்தர் அப்ரூவல் வேணும்ங்கிற விதியே நம்மகிட்ட இல்லை. அலர்ட்கள் எல்லாம் பல வருஷமா பராமரிப்பு இல்லாம கிடக்கு. டீம் வேகமா வளர்ந்துடுச்சு. "தனி மனிதர்கள் யாரும் காரணமில்லை, நம் சிஸ்டம்தான் காரணம்." நல்ல கைதட்டல். இதுலயும் ஒரு பொய்கூட இல்லை. "அலர்ட்கள் பராமரிப்பு இல்லாம"ங்கிற ஒரு வரிக்குள்ள, மணி மூணுக்கு மியூட் போட்ட நான் அழகா கரைஞ்சு போயிட்டேன்.

முதல் தடவை ரொம்பத் தாமதமா ஆரம்பிச்சு அவனை மாட்டிவிட்டேன். ரெண்டாவது தடவை ரொம்ப முன்னாடி ஆரம்பிச்சு என்னைக் காப்பாத்திக்கிட்டேன்.

வீட்லயும் இதே கதைதான். எங்க அப்பாவும் பெரியப்பாவும் சரியா பேசிக்கிறதில்லை. அப்பா சொல்ற கதை 2009-ல எங்க அக்கா கல்யாணத்துல ஆரம்பிக்கும்: "கூடப் பிறந்தவர், பந்தியில உட்காராமக் கிளம்பிட்டாரு." பெரியப்பா சொல்ற கதை 1994-ல கிணத்து மோட்டார்ல ஆரம்பிக்கும்: "உங்கப்பன் பாதிக் காசு தர்றேன்னு சொன்னான்ப்பா." ரெண்டு பேர் சொல்றதும் நடந்ததுதான். அப்பத்தா இருந்தவரைக்கும் ரெண்டையும் ஒதுக்கிட்டு, தாத்தாவுக்கும் அவர் தம்பிக்கும் நடந்த வரப்புச் சண்டையில இருந்து ஆரம்பிக்கும். 'கோபல்ல கிராமம்' படிக்கும்போது, நூறு வயசைத் தாண்டின மங்கத்தாயாரு அம்மாள் உட்கார்ந்து, முன்னோர்கள் தெலுங்கு தேசத்தை விட்டுக் கிளம்பி வந்த கதையைச் சொல்ற இடத்துல எனக்கு அப்பத்தா குரல்தான் கேட்டுது. ஆனா கி.ரா. கிழவி சொன்னா ஊரே உட்கார்ந்து கேட்கும். எங்க அப்பத்தா ஆரம்பிச்சா அப்பா எழுந்து வெளிய போயிடுவார்.

எங்க ஆரம்பிக்கிறது சரினு ஒரு சூத்திரம் கேட்டா என்கிட்ட இல்லை. இப்ப ஒரே ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். எதையாவது எழுதி முடிச்சதும், இந்தக் கதை ஒரு நாள் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா யாருக்குச் சங்கடம்னு பார்ப்பேன். பதில் நான்னு வந்தா அந்த நாளையும் சேர்ப்பேன். நாவல்களையும் இப்ப இப்படித்தான் படிக்கிறேன், முதல் அத்தியாயம் முடிஞ்சதும் ஒரு நிமிஷம் நிறுத்தி, இவர் ஏன் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்னு. 'வெக்கை'க்கும் மார்க்கேஸுக்கும் அந்த ஒரு நிமிஷம் ரொம்ப வேலை செய்யும்.

போன மாசம் அந்தப் பழைய அறிக்கையைத் திறந்து 10:40-க்கு மேல ஒரு வரி சேர்த்தேன்: மூன்று வாரம் முன்பு, அதிகாலை 3:00, வரிசை நீளத்துக்கான அலர்ட் மியூட் செய்யப்பட்டது. பக்கத்துல என் பேரையும் போட்டேன், விதியை மீறி. மேனேஜருக்கு நோட்டிஃபிகேஷன் போயிருக்கும் போல. வந்து கேட்டார், "இப்ப எதுக்குப்பா இது?" எனக்குச் சரியா பதில் சொல்லத் தெரியலை.

அப்புறம் அந்தப் பையனுக்கு போன் பண்ணேன். இப்ப கோயம்புத்தூர்ல வேற கம்பெனியில இருக்கான். நல்லா இருக்கான். கொஞ்ச நேரம் ஊர்க் கதை பேசிட்டு, விஷயத்தைச் சொன்னேன். அலர்ட் அடிச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்டா, அதை நிறுத்தி வெச்சிருந்தது நான்தான்னு.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னான், "தெரியும்ணா."

"என்னடா தெரியும்?"

"அன்னைக்கு ராத்திரியே பார்த்தேன்ணா. மியூட் ஹிஸ்டரில உங்க பேர் இருந்துச்சு."

"அப்ப ஏன்டா மீட்டிங்ல சொல்லலை?"

"யாருகிட்டண்ணா சொல்றது? ரிப்போர்ட் எழுதினதே நீங்கதானே."

அவன் கோபமா சொல்லலை. அதான் எனக்கு இன்னும் காதுல இருக்கு. இதை எபிசோட்ல சொல்லலாமானு கேட்டேன். "பேர் மட்டும் வேணாம்ணா, மத்ததெல்லாம் சொல்லுங்க"ன்னான். சொல்லிட்டேன்.

அவனுக்கு 'வெக்கை' ஒரு பிரதி அனுப்பி வெச்சேன். புத்தகம் கைக்குக் கிடைச்சதும் மெசேஜ் வந்தது: "அண்ணா, அசுரன் நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன். இதுவும் அதே கதைதானே?" முதல் பக்கம் மட்டும் படிச்சுட்டு எனக்குக் கூப்பிடுனு பதில் போட்டேன். நாலு நாளாச்சு, இன்னும் ப்ளூ டிக் வரலை.